பேப்பர் ஓரத்தில் ஒரு தொகை

போராங் அங்கிள் எந்தத் தொகையையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். அன்றைய தமிழ்ப் பேப்பரின் ஓரத்தில் பென்சிலால் பொடியாக எழுதி, பேப்பரை அப்படியே நம் பக்கம் திருப்பி வைப்பார். நாம் பார்த்துத் தலையாட்டியதும் அந்த ஓரத்தை மட்டும் ஸ்கேல் வைத்துக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். சாயங்காலம் அவர் கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஏறும்போது அந்தச் சட்டைப் பை புடைத்துக்கொண்டு இருக்கும். பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேருடைய வருமானம் அதற்குள்தான் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

போராங் என்றால் மலாயில் படிவம். வருமான வரிப் படிவம் நிரப்பித் தருவதுதான் அவர் பிழைப்பு, அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு கணக்காளர் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். லைசென்ஸ் வாங்கிய ஏஜெண்டு எல்லாம் கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவின் பின்சந்தில் ஒரு போட்டோஸ்டேட் கடை, அதன் வாசலில் ஓர் இரும்பு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பூ கட்டுகிறவர், டெக்ஸி ஓட்டுகிறவர், ரவிக்கை தைக்கிறவர், வடை போடுகிறவர் என்று சம்பளச் சீட்டைக் கண்ணாலேயே பார்த்திராத ஜனங்களுக்கு ஜூன் மாதம் வந்தால் அவர்தான் கதி. ஆளுக்கு இருபது வெள்ளி, அதாவது ரிங்கிட். கொடுக்க முடியாதவர்களிடம் அதுவும் இல்லை.

என் வீட்டுக்காரர் சுபாங் ஜெயாவில் ஏசி மாட்டுகிற ஓர் ஏர்கோன் கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்தார். ஒருநாள் வந்து, "இனிமே நானே செய்யப்போறேன்" என்றார். பழைய வேன் ஒன்றை வாங்கி, ஏணியை மேலே கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். எங்கள் வீடு மேருவில். அவருக்கு வேலை அதிகமும் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில். அங்கே ஒரு கடைக்காரர்தான், "வரி போராங் போட்டியா இல்லையா? போடாம விட்டா அபராதம் வரும்லா" என்று பயமுறுத்தி எங்களை அந்த மேசைக்கு அனுப்பினார்.

நான் ஒரு பிஸ்கட் டின் நிறைய ரசீதுகளை அள்ளிக்கொண்டு போனேன். அங்கிள் டின்னைக் கவிழ்த்தார். கேஸ் சிலிண்டர் ஒரு பக்கம், செப்புக் குழாய் ஒரு பக்கம், டோல், பார்க்கிங், பெட்ரோல் என்று சீட்டு விளையாடுவதுபோலப் பிரித்தார். காலணிக் கடை ரசீது ஒன்றை மட்டும் எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"இது என்னமா, பிள்ளைக்கு ஸ்கூல் சப்பாத்து?"

"ஆமா அங்கிள். அதுவும் செலவுதானே?"

"செலவுதான். ஆனா இந்தச் சப்பாத்து ஏணி ஏறி ஏர்கோன் கழட்டாதுல்ல?"

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம். எனக்கு மூக்குக்கு மேல் வருவது எப்போதுமே கோபம்தான். அங்கிள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஸ்டாலிலிருந்து எனக்கு ஆற்றிய டீ, ஒரு தே தாரேக், சொல்லிவிட்டு, பொறுமையாக விளக்கினார்.

"சம்பளக்காரனுக்கு முதலாளியே மாசாமாசம் வெட்டிக் கட்டிடுவான். ஏப்ரலோட அவன் கணக்கு முடிஞ்சிரும். நமக்கு வெட்ட ஆள் இல்லமா. நாமளே சொல்லணும், நாமளே கட்டணும். அதுக்குத்தான் ஜூன் கடைசி வரைக்கும் டைம். வந்த காசெல்லாம் வருமானம் இல்ல. தொழிலுக்குப் போனத முதல்ல கழிக்கணும். அப்புறம் தனக்கு, பொண்டாட்டிக்கு, பிள்ளைங்களுக்கு, இன்சூரன்ஸுக்குன்னு தள்ளுபடி இருக்கு. அதெல்லாம் போய் மிஞ்சுறதுக்குத்தான் வரி. இந்தக் குப்பையெல்லாம் ஏழு வருஷம் பத்திரமா வைக்கணும். எப்ப வேணும்னாலும் கூப்பிட்டுக் கேப்பாங்க."

அந்த ஏழு வருஷத்தை அவர் வேதவாக்காக வைத்திருந்தார். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பழுப்பு உறை. நகல், ரசீதுப் பட்டியல், கிழித்த பேப்பர் ஓரம் எல்லாம் அதற்குள் போகும். எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் அங்கிள் மாறவில்லை. முதலில் பென்சிலில் எழுதி, பிறகுதான் கடைக்குள் போய் இரண்டு விரலால் தட்டுவார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெருமூச்சு விடுவார்.

அவரிடம் எல்லாமே கொஞ்சம்தான். எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். கோப்பி வாங்கினால் அரைக் கிளாஸ். பசியாறிவிட்டீர்களா என்று கேட்டால், "ஆச்சுமா, கொஞ்சம்" என்பார். "வீட்ல ஆன்டி எப்படி இருக்காங்க?" என்று நான் ஒருதரம் கேட்டபோது, "அவ போயி கொஞ்ச நாள் ஆச்சும்மா" என்றார். இரண்டு மூன்று மாதம் இருக்கும் என்று நினைத்துத் துக்கம் விசாரித்தேன். பூக்கார அக்காதான் பிறகு சொன்னார், அந்த அம்மா இறந்து பதினாலு வருஷமாம்.

இன்னொரு வருஷம் இடது காலில் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோய்.

"என்ன அங்கிள் இது?"

"ஒண்ணுமில்ல, ஒரு விரல எடுத்துட்டாங்க. சின்ன விரல்தான்மா."

இப்படிப்பட்டவரிடம் பயந்துபோன ஜனங்கள் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? எல்லாருக்கும் ஒரே மந்திரம்தான்: "கொஞ்சமாப் போடுங்க அங்கிள்." ஒருதரம் அதிகமாகக் காட்டிவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவணை கட்டச் சொல்லிக் கடுதாசி வரும், பிறகு ஆயுசுக்கும் விடமாட்டார்கள் என்று ஆளாளுக்கு ஒரு பயம். அவர் முதலில் நியாயமான வழியைத்தான் பார்ப்பார். பூக்கார அக்காவிடம், "மல்லிக்கு ஐஸ் வாங்குறியே, அத எழுதினியா? வாடிப்போய்த் தூக்கிப் போட்டது எவ்வளவு? தெனமும் ஒரு நோட்டுல எழுதி வை" என்று துருவித் துருவிக் கேட்டு, அந்த அம்மாவே மறந்துபோன செலவையெல்லாம் தோண்டி எடுப்பார். அதற்கு மேலும் எதிரே இருப்பவர் முகம் தெளியவில்லை என்றால்தான் ரப்பரை எடுப்பார். வருமானத்தில் கொஞ்சம் அழிப்பார். அவருக்கு அதில் ஒரு சல்லிக்காசு லாபம் கிடையாது. ஒருத்தர் பயத்தோடு எழுந்து போவதை அவரால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். தப்புதான். சட்டப்படி குற்றம்தான். அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் அந்த மேசையிலிருந்து எழுந்து போகிறவர்கள் கோயிலுக்குப் போய் வந்த முகத்தோடு போவார்கள்.

எங்களுக்கு முதல் இரண்டு வருஷம் மறைக்க ஒன்றும் இல்லை. வருமானமே அவ்வளவுதான். மூன்றாம் வருஷம் தொழில் பிடித்துக்கொண்டது. செலவெல்லாம் போக மாதம் ஐயாயிரம் வெள்ளி கையில் நின்றது.

அந்த வருஷம் என் எதிர்வீட்டுக்காரிக்கு அரசாங்க உதவித்தொகை வந்தது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கொடுப்பது. அவள் அதில் ஒரு வாஷிங் மெஷின் வாங்கி, லோரியில் கொண்டுவந்து இறக்கியதை நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு பிள்ளைகளின் பள்ளி உடுப்பைக் கையால் கசக்கிக்கொண்டிருக்கிறேன், எனக்கு மட்டும் ஏன் இல்லை? அந்த எரிச்சலோடுதான் அந்த ஜூன் மாதம் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன்.

அங்கிள் கணக்கை முடித்து, பேப்பர் ஓரத்தில் 5,000 என்று எழுதித் திருப்பி வைத்தார்.

"ஐயோ அங்கிள், இவ்வளவு போட்டா எங்களுக்கு உதவித்தொகை கிடைக்காது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ரப்பரை எடுத்து அழித்துவிட்டு 3,500 என்று எழுதினார்.

"இன்னும் கொறைங்க."

"இதுவே கொறைச்சதுதாமா."

"எதிர்வீட்ல எல்லாம் வாங்குறாங்க. எங்களுக்கு மட்டும் என்ன தலையெழுத்தா?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். நான் அதை எடுத்தேன். 3,500-ஐ ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அதற்குக் கீழே 2,000 என்று பெரிதாக எழுதி, சுற்றி ஒரு வட்டமும் போட்டேன்.

"அப்படி வேணாமேம்மா. ரொம்பக் கொறஞ்சிருச்சு" என்றார். அவர் யாரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. உதவி கேட்பதுபோல என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அந்த மனுஷர் எந்தக் கடைக்குப் போனாலும் அண்ணாந்து ஏர்கோன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பவர். "பாஸ், இதுல கேஸ் கம்மியா இருக்கு. நாளைக்கு வந்து பாக்குறேன்" என்று போட்டோஸ்டேட் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சு அவர் காதில் விழவே இல்லை.

அங்கிள் ஸ்கேலை வைத்து ஓரத்தைக் கிழித்தார். மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த இரண்டு வருஷமும் அதே தொகைதான் போனது. உதவித்தொகையில் வாஷிங் மெஷின் வந்தது. இன்னும் ஓடுகிறது.

என் வீட்டுக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேரு சாலையில் இறந்துபோனார். டயர் பஞ்சர். வேனை ஓரமாக நிறுத்தி, இரண்டு பக்க விளக்கையும் போட்டுவிட்டு, குனிந்து டயர் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு டிரெய்லர் லோரி வந்தது. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. பிள்ளைகளுக்கு அப்போது பன்னிரண்டும் ஒன்பதும்.

லோரியின் இன்சூரன்ஸ் மீது வழக்குப் போட்டோம். என் வக்கீல் கிள்ளான்காரப் பெண், நல்ல கெட்டிக்காரி. அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "அக்கா, அண்ணன் மாசம் எவ்வளவு சம்பாதிச்சாருன்னு காட்ட எழுத்துல என்ன இருக்கு? அத வச்சுத்தான் நஷ்டஈடு கணக்குப் போடுவாங்க."

எழுத்தில் என்ன இருந்தது? எல்லாம் ரொக்கம். வாடிக்கைக்காரர்கள் கையில் கொடுப்பார்கள், இவர் பையில் போட்டுக்கொள்வார். எழுத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, வரிப் போராங். கடைசி மூன்று வருஷமும் மாதம் இரண்டாயிரம்.

வக்கீலிடம் உண்மையைச் சொன்னேன். அதாவது, பாதி உண்மையை. நிஜ வருமானம் ஐயாயிரம், போராங்கில் குறைத்து எழுதியிருக்கிறது என்றேன். யார் குறைக்கச் சொன்னது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "எழுதினவரே வந்து கோர்ட்ல சொன்னா ஒருவேளை எடுபடலாம். ஆனா அவருக்கு ஆபத்து. விட்டுப்போன வரியும் அபராதமும் ஒங்க தலைக்கும் வரும்" என்றார். பரவாயில்லை, கட்டிக்கொள்கிறேன் என்றேன்.

அங்கிளைப் பார்க்கப் போனேன். என் வீட்டுக்காரர் இறந்த செய்தி அவருக்குத் தெரியும், சாவு வீட்டுக்கு வந்து ஒரு மூலையில் நின்றுவிட்டுப் போனவர்தான். வழக்கைப் பற்றி அன்றுதான் சொன்னேன். அவர் உள்ளே போய் எங்கள் பழுப்பு உறையை எடுத்துவந்தார். பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். வருஷத்துக்கு அறுபதாயிரம். அதில் என் வீட்டுக்காரருக்குத் தள்ளுபடி, எனக்கு, இரண்டு பிள்ளைகளுக்கு, இன்சூரன்ஸுக்கு என்று ஒவ்வொன்றாகக் கழித்தார். கடைசியில் வந்த தொகையை எழுதி, பேப்பரை என் பக்கம் திருப்பினார்.

வருஷத்துக்கு வரி தொள்ளாயிரத்துச் சொச்சம். மாதம் எண்பது வெள்ளிகூட வராது.

"ஐயாயிரமும் எழுதியிருந்தா இவ்வளவுதாமா கட்டியிருக்கணும். இத நான் அன்னிக்கே போட்டுக் காட்டியிருக்கணும். காட்டாம விட்டுட்டேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சட்டைத் தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கே வரிசையில் நின்றிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நானும் அழுதேன். ஆனால் அழும்போதும், "இல்ல அங்கிள், நான்தானே எழுதினேன்" என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. அவர் தன் தலையில் போட்டுக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வசதியாகத்தான் இருந்தது.

கோர்ட்டில் என்னை முதலில் கூண்டில் ஏற்றினார்கள். சத்தியம் வாங்கினார்கள். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் போராங்கைக் காட்டி, இந்தத் தொகை உங்களுக்குத் தெரியுமா, யார் இப்படி எழுதச் சொன்னது என்று கேட்டார்.

"எனக்குப் போராங் பத்தி ஒண்ணும் தெரியாது. எல்லாம் அந்த அங்கிள்தான் பாத்துக்கிட்டாரு" என்றேன்.

ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். ஒத்திகை பார்த்ததுபோல வந்தது. கதவுக்கு வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது கேட்டிருக்காது. ஆனால் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு கோர்ட்டு ஆள் ஒரு பெயரை உரக்க வாசித்தார். யார் அது என்று நான் திரும்பிப் பார்த்தேன். அங்கிள் வந்தார். முழுக்கைச் சட்டை, பழைய டை. ஒரு விரல் இல்லாத காலில் சப்பாத்து தொளதொள என்று இருந்தது. அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் பெயரைக் கேட்டேன். அதை இங்கே எழுதமாட்டேன். அவர் பெயரைப் பெரிதாகப் போட்டால் அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

எந்த மொழி என்று கேட்டார்கள். அவருக்கு இங்கிலீஷும் மலாயும் நன்றாக வரும். தமிழ் என்றார்.

"இறந்தவருடைய உண்மையான வருமானம் எவ்வளவு?" என்று என் வக்கீல் கேட்டார். அங்கிள் வழக்கம்போலச் சட்டைப் பையைத் தடவினார். அங்கே எழுதிக் காட்டப் பேப்பர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த அறையின் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி, "வருஷத்துக்கு அறுபதாயிரம் வெள்ளி" என்றார்.

இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார்.

"அப்படியானால் போராங்கில் நீங்கள் எழுதியது பொய்?"

"ஆமாம்."

"இறந்தவர் கேட்டுக்கொண்டாரா?"

"இல்ல. அவர் ஏர்கோனைப் பாத்துக்கிட்டு நின்னாரு." யாரோ சிரித்தார்கள்.

"மனைவி?"

அங்கிள் என் பக்கம் திரும்பவில்லை. "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தொகைய முடிவு பண்ணது நான். எழுதினதும் நான்."

"அன்று பொய் எழுதினவர் இன்று சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?" என்று வக்கீல் கேட்டு உட்கார்ந்தார். தீர்ப்பு போராங்கில் இருந்த இரண்டாயிரத்தை வைத்துத்தான் வந்தது. கிடைத்திருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. பிறகு அந்த மூன்று வருஷத்து வரிக்கும் அபராதத்துக்கும் கடுதாசி வந்தது. கட்டினேன்.

சாட்சி சொன்ன அன்று கேன்டீனில் அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். முழு கிளாஸ். பாதி குடித்துவிட்டு வைத்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டை எடுத்து, மேசைமேல் நகர்த்தினார். பிரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் வட்டம் போட்ட அந்த ஓரம்.

"ஏழு வருஷம் வைக்கணும்மா. இது ஒங்கிட்டயே இருக்கட்டும்."

"அங்கிள், இத நீங்க காட்டியிருக்கலாமே..."

"காட்டினா? தெரியாதுன்னு நீ சத்தியம் பண்ணிட்டுச் சொன்னது பொய்யாயிடும். கெடைக்கப்போற கொஞ்சமும் போயிடும். ரெண்டு பிள்ளைங்க இருக்குல்ல ஒனக்கு?" பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு என்னமா, வயசான காலத்துல. கொஞ்சம் திட்டுவாங்க" என்றார்.

கொஞ்சம் திட்டுவார்களாம்! போராங் அங்கிள் கோர்ட்டில் போய் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாராம் என்று ஒரே வாரத்தில் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பரவிவிட்டது. இனி நம்ம உறையையும் தோண்டுவார்கள் என்று எல்லாருக்கும் கிலி. தங்கள் உறையை வாங்கிக்கொண்டு போக வந்தார்களே தவிர, எழுதிக்கொடுக்க ஒருத்தர் வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரிடமும், "முழுசா எழுதினாத்தான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டாராம். அடுத்த ஜூன் மாதம் நான் போனபோது அந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிற ஸ்டாண்டு நின்றது. "அவரு வரதில்லக்கா. கிள்ளான்லயே மக வீட்ல இருக்காரு" என்றார் போட்டோஸ்டேட் கடைக்காரர்.

கிள்ளானுக்கும் மேருவுக்கும் எவ்வளவு தூரம்? பஸ் பிடித்தால் அரைமணி. நான் போகவில்லை. இன்றைக்குப் போகலாம், தீபாவளிக்குப் போகலாம் என்று நாலு வருஷத்தை ஓட்டினேன். கேட்டரிங் ஆரம்பித்திருந்தேன், கல்யாண வீடு, காதுகுத்து என்று ஆர்டர் எடுத்தேன். வேலை இருந்தது உண்மைதான். ஆனால் வேலைக்காகப் போகாமல் இருக்கவில்லை.

போன வருஷம் பூக்கார அக்கா கூப்பிட்டுச் சொன்னார். மாலைக்கு ஆர்டர் வந்ததாம், அங்கிளுக்கு.

சின்ன வீடு. இருபது பேர்கூட இல்லை. முன்னறையில் படுக்க வைத்திருந்தார்கள். காலில் இன்னும் இரண்டு விரல் குறைந்திருந்தது. மகளுக்கு முப்பது வயது இருக்கும், அவர் ஜாடை அப்படியே. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க யாரு ஆன்டி?" என்று கேட்டாள்.

"சும்மா, அப்பாகிட்ட போராங் போட வருவேன்மா."

அவள் என்னைத் தலைமாட்டுப் பக்கமாக அழைத்துக்கொண்டு போனாள். "ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அப்பா கடைசி மாசமெல்லாம் ஒரே பேச்சுத்தான். ஒரு வீட்டுக் கணக்க நான் கெடுத்துட்டேன், ரெண்டு பிள்ளைங்க வாயில மண்ணப் போட்டுட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுவாரு. யாரு என்னான்னு கேட்டா வாயத் தெறக்கமாட்டாரு. ஒங்களுக்குத் தெரியுமா ஆன்டி? தெரிஞ்சா சொல்லுங்க, நான் போய் அவங்க கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டுட்டு வந்துடுறேன்."

அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே, "தெரியலயேம்மா" என்றேன். ஒருதரம் கோர்ட்டில் சொன்னேன், இரண்டாவது தரம் அவர் தலைமாட்டில் நின்று சொன்னேன்.

இது ஜூன் மாதம். நேற்று கம்ப்யூட்டரில் என் போராங்கை நானே போட்டேன். அரிசி, கோழி, கேஸ், வேலைக்கு வந்த பெண்களின் கூலி எல்லாம் கழித்து, வந்தது அத்தனையும் காட்டினேன். பழைய ரசீதுகளை எடுத்துப் போடலாம் என்று பிஸ்கட் டின்னைத் திறந்தால் அடியில் அந்தத் துண்டு கிடக்கிறது. ஏழு வருஷம் தாண்டிவிட்டது. இனி அதை வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். அவர் அழித்தது சரியாக அழியவே இல்லை. மேலே 5,000 என்று பென்சில் அழுத்திய தடம் அப்படியே இருக்கிறது. கீழே 3,500, குறுக்கே என் கோடு. அதற்கும் கீழே வட்டத்துக்குள் என்னுடைய 2,000.

இன்று காலை கடைக்குப் போய் அதைப் போட்டோஸ்டேட் எடுத்தேன். நகல் டின்னுக்குள் இருக்கிறது. அசலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிள்ளான் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறேன். நீ யார் காலிலும் விழவேண்டாம்மா. ஒங்கப்பா எழுதினது ஐயாயிரம், இதோ பாரு. அதுதான் சரியான கணக்கு. இந்த ரெண்டாயிரம் என் கையெழுத்து.